ஏற்காடு வளைவுகளில் கார் சாய்வது: ஸ்பிரிங்கில் பஃபர் போட்டால் எடை மாறுவது குறையுமா?

கேள்வியின் சுருக்கம்: ஐந்து பேரும் சாமானுமாக சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் சிறிய ஹேட்ச்பேக் கார் வெளிப்பக்கம் அதிகமாகச் சாய்கிறது. இறக்கத்தில் பின்பக்கம் ஆடுகிறது. வண்டி 70 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. நான்கு காயில் ஸ்பிரிங்கிலும் சுற்றுகளுக்கு இடையே செருகும் ரப்பர் பஃபர் போட்டால் வண்டி இறுகும், வெளிப்பக்கம் எடை போவது குறையும் என்கிறார் மெக்கானிக். போடலாமா? கேரியரில் சாமான் கட்டினால் என்ன ஆகும்?

நான்கு ஸ்பிரிங்கிலும் பஃபர் போட வேண்டாம். முதலில் பின் ஷாக் அப்சார்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சாமானைக் கூரையில் ஏற்றாதீர்கள். காரணம் நீளமானது, ஆனால் ஒரு முறை புரிந்துகொண்டால் அடுத்த முறை யார் என்ன பாகம் விற்க வந்தாலும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வண்டி சாய்வது வேறு, எடை மாறுவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வளைவில் உடல்பகுதி வெளிப்பக்கம் சாய்வது கண்ணுக்குத் தெரிகிறது. உள்பக்க டயர்களின் சுமை குறைந்து வெளிப்பக்க டயர்களின் சுமை கூடுவது கண்ணுக்குத் தெரியாது. பந்தயத்துக்கு ஓட்டும் கோ-கார்ட்டில் ஸ்பிரிங்கே கிடையாது. அது வளைவில் சாய்வதே இல்லை. ஆனாலும் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும் அளவுக்கு எடை வெளிப்பக்கம் போகிறது. ஸ்பிரிங் இறுகினால் எடை மாறாது என்றால் அந்தச் சக்கரம் எழும்பவே கூடாது.

எவ்வளவு எடை மாறும் என்பதை நான்கு அளவுகள் தீர்மானிக்கின்றன: வண்டியின் மொத்த எடை, வளைவில் எழும் பக்கவாட்டு விசை அந்த எடையில் எத்தனை பங்கு என்பது, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடுவரை உள்ள அகலம். முதல் மூன்றையும் பெருக்கி நான்காவதால் வகுக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை.

உங்கள் காரைப் போன்ற ஒன்றுக்கு வட்டமான எண்களை எடுத்துக்கொள்வோம். வெற்று எடை 930 கிலோ. ஐந்து பேர் 325 கிலோ, சாமான் 45 கிலோ. மொத்தம் 1,300. ஈர்ப்பு மையத்தின் உயரம் 56 செ.மீ. டயர்களுக்கு இடைப்பட்ட அகலம் 145 செ.மீ. வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளம், 245 செ.மீ. கொண்டை ஊசி வளைவில் கார் போகும் பாதையின் ஆரம் 10 மீட்டர் என்று வைப்போம்.

20 கி.மீ. வேகத்தில் அந்த வளைவைத் திரும்பினால் பக்கவாட்டு விசை வண்டியின் எடையில் 0.31 பங்கு, அதாவது 0.31 ஜி. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு 158 கிலோ மாறுகிறது. 25 கி.மீ. வேகத்தில் 0.49 ஜி, 247 கிலோ. 30 கி.மீ. வேகத்தில் 0.71 ஜி, 355 கிலோ. வேகம் 20-லிருந்து 30 ஆவது ஒன்றரை மடங்குதான். மாறும் எடையோ இரண்டேகால் மடங்கு. விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதே காரணம். மழையில் நனைந்த தார்ச்சாலையில் 0.7 ஜி என்பது பெரும்பாலான டயர்களுக்கு எல்லையோரம். மலைப்பாதையில் ஐந்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைப்பதால் கிடைப்பதை எந்தப் பாகமும் தராது.

இப்போது கேரியர். 75 கிலோ சாமானைக் கூரைமேல், தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் கட்டினால் மொத்த ஈர்ப்பு மையம் 56-லிருந்து 62 செ.மீ.க்கு ஏறுகிறது. 25 கி.மீ. வேகத்தில் மாறும் எடை 290 கிலோ ஆகிறது. அதே 75 கிலோவை டிக்கியில் 60 செ.மீ. உயரத்தில் வைத்தால் 262 கிலோ. உயரம் ஒன்றினால் மட்டும் 28 கிலோ வித்தியாசம். டிக்கியில் வைக்கும்போதும் கனமானதைத் தரையோடு, பின்சீட்டின் முதுகை ஒட்டி வையுங்கள். தண்ணீர் கேன், அரிசிப்பை, கேஸ் அடுப்பு எல்லாம் கீழே, துணிப்பை மேலே. கூரையில் கட்டியே ஆக வேண்டும் என்றால் தலையணை, போர்வை போன்ற லேசானவற்றோடு நிறுத்துங்கள். கார் கையேட்டில் கூரைக்கு ஓர் எடை வரம்பு இருக்கும். கேரியர் கம்பிகளின் எடையும் அதற்குள் அடக்கம்.

ஸ்பிரிங்குக்கு எடை மாற்றத்தில் பங்கே இல்லை என்று சொன்னதில் ஒரு சிறு திருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். உடல்பகுதி சாயும்போது ஈர்ப்பு மையமும் கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்கிறது. 25 கி.மீ. வேகத்தில் உங்கள் கார் 3 டிகிரி சாய்கிறது, சாய்வின் அச்சுக்கு மேலே ஈர்ப்பு மையம் 45 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றால், அது 2.4 செ.மீ. நகரும். அதனால் கூடுதலாக மாறுவது சுமார் 21 கிலோ. சாய்வைக் குறைத்தால் மிச்சப்படுத்தக்கூடியது இந்த 21 கிலோவிலிருந்து மட்டும்தான். மற்ற 247 கிலோவைச் சாய்வுக் குறைப்பு தொடாது.

பஃபரை இந்த 21 கிலோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் படியோடு ஏறும். சுற்றின் விட்டத்தின் மூன்றாம் படியோடும் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கையோடும் இறங்கும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை ரப்பர் அடைத்துவிட்டால் ஐந்துதான் மிச்சம். விறைப்பு 20 சதவீதம் கூடுகிறது. ஆனால் சாய்வைத் தடுப்பதில் ஸ்பிரிங்கின் பங்கு ஏறத்தாழப் பாதி. மீதியை முன்பக்க ஸ்டெபிலைசர் பாரும் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பி) பின்பக்க ட்விஸ்ட் பீமும் (பின்சக்கரங்களை இணைக்கும், முறுங்கக்கூடிய குறுக்குச்சட்டம்) பார்த்துக்கொள்கின்றன. ஆகவே சாய்வு குறைவது 10 சதவீதம் போல. 21 கிலோவில் 2 கிலோ மிச்சம். அதே சமயம் பஃபர் வண்டியைத் தூக்குகிறது. நான்கு மூலையும் 20 மி.மீ. உயர்ந்தால் ஈர்ப்பு மையமும் அதே அளவு உயரும், 9 கிலோ கூடுதலாக மாறும். 2 கிலோவை மிச்சப்படுத்தப் போய் 9 கிலோவைக் கூட்டிக்கொள்கிறோம். வண்டி இறுகிவிட்டது போல உணர்வது உண்மைதான். டயருக்குக் கிடைப்பது வேறு.

இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. அடைபட்ட சுற்றின் அசைவை மற்றச் சுற்றுகள் ஏற்க வேண்டும்; அவற்றில் முறுக்கு அழுத்தம் கூடும். ரப்பரின் விளிம்பு கம்பியின் பெயிண்டை உரசித் தேய்க்கும், சேறும் ஈரமும் உள்ளே தங்கும், துரு பிடிக்கும். காயில் முறிவது பெரும்பாலும் துருப்பள்ளம் விழுந்த இடத்தில்தான். பின்பக்க ஸ்பிரிங் உண்மையிலேயே சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தால் புது ஸ்பிரிங் ஜோடியாகப் போடுவதே முறை. சோர்வை அளந்து தெரிந்துகொள்ளலாம்: சமதரையில் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை டேப் பிடியுங்கள். இடது வலது வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் போனாலோ, கையேட்டில் உள்ள அளவைவிடக் கணிசமாகத் தாழ்ந்திருந்தாலோ ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம்.

மொத்த எடை மாற்றம் ஸ்பிரிங்குக்குக் கட்டுப்படாது என்றால் சஸ்பென்ஷன் வடிவமைப்பு எதற்கு? அது மாறும் எடையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பங்கு பிரிக்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. எடை சேர்ந்த பிறகு டயர் தரையோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்துக்கொள்கிறது. வண்டி வளைவில் கேட்டபடி திரும்புமா, நேராகப் போய் கைப்பிடிச்சுவரை முட்டுமா, பின்பக்கம் வழுக்குமா என்பதெல்லாம் இந்த மூன்றில் அடங்கியிருக்கிறது.

பங்கு ஏன் முக்கியம் என்பதற்கு டயரின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுமை கூடக் கூட டயரின் பிடியும் கூடுகிறது, ஆனால் அதே விகிதத்தில் கூடுவதில்லை. உதாரணத்துக்கு, 325 கிலோ சுமையில் ஒரு டயரின் பிடிக் குணகம் (சுமையில் எத்தனை பங்கு பிடியாகிறது என்பது) 0.90, 450 கிலோவில் அது 0.85 ஆகக் குறைகிறது. 200 கிலோவில் 0.95 இருக்கிறது என்போம். இரண்டு டயரும் சமமாக 325 தாங்கினால் அந்த அச்சின் மொத்தப் பிடி 585 கிலோ. 125 கிலோ ஒரு டயரிலிருந்து மறுடயருக்கு மாறினால் 572 சொச்சம். 225 கிலோ மாறினால் 544 சொச்சம். இழப்பு முதலில் 12, பிறகு 40. மாறும் எடை இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. ஆகவே எந்த அச்சின் தலையில் அதிக எடை மாற்றத்தைக் கட்டுகிறோமோ அந்த அச்சு முதலில் வழுக்கும்.

முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக அமைந்தது), பின்பக்கம் ட்விஸ்ட் பீம்: நம்மூரில் ஓடும் சிறிய முன்சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான். இதில் முன் அச்சுக்குக் கொஞ்சம் அதிகப் பங்கு போகும்படி வடிவமைக்கிறார்கள். அளவு மீறினால் முதலில் முன்பக்கம் வழுக்கட்டும், ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே அடங்கட்டும் என்பதற்காக. 60-க்கு 40 என்று வைப்போம். 25 கி.மீ. வேகத்தில் மாறும் 247 கிலோவில் முன் அச்சில் 148, பின் அச்சில் 99.

இதை இறக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் சுமார் 280. இறங்குகிற 1,200 மீட்டரும் ஏதாவது ஒரு வடிவத்தில் பிரேக்கிலோ இன்ஜினிலோ தீர வேண்டும். 8 சதவீதச் சரிவில், வளைவுக்குள்ளேயே 0.3 ஜி அளவுக்குப் பிரேக் பிடித்தால், சரிவையும் சேர்த்து டயர் தரும் பிரேக் விசை 0.38 ஜி. பின்னாலிருந்து முன்னால் போகும் எடை 113 கிலோ. ஐந்து பேரோடு முன் அச்சில் 680, பின் அச்சில் 620 இருந்தது இப்போது 793-க்கு 507. பக்கவாட்டு மாற்றத்தையும் சேர்த்தால் வெளிப்பக்க முன்டயரில் 544 கிலோ, உள்பக்கப் பின்டயரில் 154 கிலோ. ஒரே வண்டி, ஒரே நொடி, ஒரு டயருக்கு மற்றதைப் போல மூன்றரை மடங்கு சுமை.

இந்த நேரத்தில் பின்பக்கத்தை மட்டும் இறுக்கியிருந்தால்? பாரம் ஏற்றும்போது வண்டி உட்காருகிறதே என்று பின்பக்கம் மட்டும் தடித்த ஸ்பிரிங் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. பங்கு 45-க்கு 55 என்று திரும்பிவிட்டால் பின் அச்சில் மாறுவது 99-லிருந்து 136 கிலோ ஆகும். உள்பக்கப் பின்டயரில் 118 கிலோதான் மிஞ்சும். பின் அச்சு இழக்கும் பிடி ஏறத்தாழ இரட்டிப்பு. ஏற்கெனவே பிரேக்கால் லேசான பின்பக்கம் இப்போது வழுக்க ஆயத்தமாக நிற்கிறது. சமவெளியில் நேர்ச்சாலையில் இது தெரியவே தெரியாது. இறக்கத்தில், வளைவில், மழையில், திடீரென்று பிரேக் மிதிக்கும்போது தெரியும்.

எதிர்த்திசையில் செய்தாலும் தொல்லைதான். முன் ஸ்டெபிலைசர் பாரை 20 மி.மீ.யிலிருந்து 22 மி.மீ.க்கு மாற்றினால் அதன் விறைப்பு 46 சதவீதம் கூடும், சாய்வு நன்றாகக் குறையும். ஆனால் வெளிப்பக்க முன்டயர் இன்னும் அதிகமாகச் சுமக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி விரிந்து வெளியே போகும். கம்பெனி வைத்த பங்கைக் கைவைக்காமல் விடுவதே குடும்பக் காருக்கு நல்லது.

சாய்வதால் உண்மையான கெடுதல் ஒன்று இருக்கிறது, அதை ஒதுக்கக் கூடாது. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் உடல் சாய்ந்தால் வெளிப்பக்க முன்டயரும் பெரும்பகுதி அதோடு சேர்ந்து சாய்கிறது, தரையில் தட்டையாகப் படியாமல் வெளித்தோளில் நிற்கிறது. மலைப்பாதையில் அடிக்கடி ஓடும் வண்டிகளின் முன்டயரில் வெளித்தோள் முதலில் தேய்வதற்கு இதுவும் ஒரு காரணம். கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது டயரின் சாய்கோணம்) கம்பெனி அளவில் இருக்கிறதா என்று அலைன்மென்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் இதற்கு மருந்து என்று சிலர் போடுகிறார்கள். ஸ்ட்ரட் வண்டியில் தாழ்த்தும்போது ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட சாய்வு மையம் (உடல்பகுதி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) அதிகமாக இறங்கிவிடும். சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது, அடிப்பயணமும் (சஸ்பென்ஷன் அமுங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம்) குறைகிறது. ஏற்காட்டுக்குப் போகிற குடும்பக் காருக்கு அது கொஞ்சமும் பொருந்தாது.

அடிப்பயணம் என்றேன். உங்கள் பின்பக்க ஆட்டத்துக்கு முக்கியக் காரணம் அங்கேயும் ஷாக்கிலும்தான் இருக்க வேண்டும். வெற்று வண்டியில் பின் அச்சில் 360 கிலோதான். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் 620. முன் அச்சில் 110 கிலோ ஏறும்போது பின் அச்சில் 260 ஏறுகிறது. பின்பக்க ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரு மி.மீ.க்கு 20 நியூட்டன் என்றால், பாரம் ஏறியதுமே ஒவ்வொரு பக்கமும் 64 மி.மீ. உட்கார்ந்துவிடும். பம்ப் ஸ்டாப்பை (அமுக்கத்தின் கடைசியில் இடிதாங்கும் ரப்பர்) தொட மொத்தம் 110 மி.மீ. இருந்தது என்றால் மிச்சம் 46. வளைவில் வெளிப்பக்கம் இன்னும் 25, 30 மி.மீ. அமுங்கும். சுமார் 20 மி.மீ.தான் மிஞ்சுகிறது. அந்த இடத்தில் தார் பெயர்ந்த குழியோ, குறுக்கே ஓடும் வடிகால் மேடோ வந்தால் சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப்பில் போய் மோதும். மோதிய கணத்தில் அந்த மூலையின் விறைப்பு பல மடங்காகிறது. பின் அச்சின் பங்கு ஒரே கணத்தில் எகிறுகிறது. முன் பத்திகளில் சொன்ன வழுக்கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வருகிறது. பின்னால் டொக் என்று ஒரு அடி விழுந்து உடனே பின்பக்கம் பக்கவாட்டில் துள்ளினால் நடப்பது இதுதான். பம்ப் ஸ்டாப்பே நொறுங்கிக் காணாமல் போயிருந்தால் இரும்போடு இரும்பு மோதும். 70 ஆயிரம் கிலோமீட்டரில் அது பொடிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஷாக் அப்சார்பர் இறுதியில் மாறும் எடையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. சாய்வு எவ்வளவு வேகமாக வந்து நிலைக்கிறது, வந்தபின் மறுபடி ஆடுகிறதா என்பதெல்லாம் அதன் பொறுப்பு. ஒரு வளைவு முடிந்து உடனே எதிர்ப்பக்கம் அடுத்த வளைவு வருகிற இடத்தில் இது உயிர்நாடி. முதல் சாய்வின் ஆட்டம் அடங்குவதற்குள் எதிர்ச்சாய்வு தொடங்கினால் இரண்டும் சேர்ந்து கணக்குக்கு மேலான எடையைச் சிறிது நேரம் வெளி டயரில் ஏற்றும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம். தணிப்பின் அளவு, அதாவது ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது, ஷாக்கை மட்டும் பொறுத்ததில்லை, அது தாங்கும் எடையையும் பொறுத்தது. பின்பக்க ஒரு மூலையில் ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள எடை, தனியாக ஓட்டும்போது 145 கிலோ என்றால் பாரத்தோடு 275 கிலோ. ஆட்டத்தின் வேகம் நொடிக்கு 1.9-லிருந்து 1.35 ஆகக் குறைகிறது; அதே ஷாக்கின் தணிப்பு விகிதம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. புது ஷாக்கில் 0.30 இருந்தது பாரத்தோடு 0.22. பாதி தேய்ந்த ஷாக்கில் 0.15 இருந்தது 0.11. சேலத்துக்குள் அஸ்தம்பட்டியிலும் ஐந்து ரோட்டிலும் தனியாக ஓட்டும்போது குறையே தெரியாத ஷாக், ஐந்து பேரோடு கோரிமேடு தாண்டி மலை ஏறியதும் கைவிடுவது இதனால்தான். உங்கள் அறிகுறி இதோடு அப்படியே பொருந்துகிறது.

சோதிக்கும் விதம்: ஒர்க்‌ஷாப்பில் பம்பரை அமுக்கி விட்டுப் பார்ப்பார்கள். ஒன்றரை ஆட்டத்துக்கு மேல் ஆடினால் ஷாக் நிச்சயம் போய்விட்டது. ஆடவில்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாகாது. புஷ்களின் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் உருளைகள்) உராய்வே அந்த மெதுவான ஆட்டத்தை நிறுத்திவிடும். டிக்கியில் நூறு கிலோ ஏற்றிவைத்து அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், வித்தியாசம் தெரியும். தூசி உறையைத் தூக்கித் தண்டைப் பாருங்கள். லேசான ஈரப்படலம் பரவாயில்லை, எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் மாற்ற வேண்டும். டயர் சுற்றளவில் உள்ளங்கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருக்கிறதா என்று தெரியும். அதுவும் ஷாக் தளர்ந்ததற்கான அடையாளம்.

மாற்றும்போது அச்சுக்கு இரண்டாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் வேண்டாம். பம்ப் ஸ்டாப், தூசி உறை, மேல் மவுண்ட் ரப்பர் மூன்றும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். முன்பக்கம் திறந்தால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்கையும் பார்த்துவிடலாம். ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு ஆடினால் சிறு மேடுகளில் டக் டக் என்று சத்தம் வரும். அது கழன்றிருந்தால் பார் இருந்தும் இல்லாத மாதிரிதான். சாய்வு கூடும், பங்கும் பின்பக்கம் போகும். முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷை லீவர் போட்டு நெம்பிப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னுக்கு நகர்ந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ட்விஸ்ட் பீமின் இரண்டு புஷ்ஷும் அப்படியே. அவை தளர்ந்தால் வளைவில் பின் அச்சு முழுவதும் ஒரு பக்கமாகத் திரும்பி, பின்பக்கம் தானே ஸ்டியரிங் பிடிப்பது போல நடந்துகொள்ளும். பின்பக்க ஆட்டத்துக்கு ஷாக்குக்கு அடுத்த சந்தேகம் இந்தப் புஷ்களின் மேல்தான்.

புஷ் போடுவதில் எங்கும் நடக்கும் ஒரு தவறு உண்டு, இதை மெக்கானிக்கிடம் அழுத்திச் சொல்லுங்கள். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முழுவதும் இறுக்கிவிடுகிறார்கள். இந்தப் புஷ்களில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில மாதத்தில் கிழியும். போல்ட்டைக் கையால் பிடிக்கிற அளவுக்கு முடுக்கி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, அதன் பிறகே டார்க் ரெஞ்சில் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். அலைன்மென்ட் அதற்கும் பிறகு.

காற்றழுத்தம் இலவசமாகக் கிடைக்கும் சஸ்பென்ஷன் திருத்தம். ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் முழுப்பாரத்துக்கு என்று தனி அளவு இருக்கும், பின்டயருக்குப் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது காலையில் அந்த அளவுக்கு அடியுங்கள். மேலே போனால் காற்று கூடிவிடும் என்று சிலர் அடிவாரத்தில் இரண்டு மூன்று புள்ளி குறைக்கிறார்கள். அது தேவையில்லை. 280 மீட்டரிலிருந்து 1,500 மீட்டருக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானியில் 2 பி.எஸ்.ஐ. அளவு கூடித் தெரியும். வெப்பநிலை 8 டிகிரி குறைந்தால் ஒரு பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் இறங்கும். மிச்சம் ஒரு புள்ளிகூட இல்லை. குறைத்து விட்டால்தான் பாரத்தோடு டயரின் பக்கச்சுவர் வளைந்து ஸ்டியரிங் சோம்பும், தோள் தேயும்.

ஓட்டும் விதத்தில், எடை முன்னே போவதையும் பக்கவாட்டில் போவதையும் ஒரே நேரத்தில் நடக்க விடாதீர்கள். வளைவுக்கு முன் நேரான பகுதியிலேயே பிரேக்கை முடித்து, இரண்டாவது கியர் அல்லது முதல் கியரில் வேகத்தை 20-க்குள் கொண்டுவந்து, பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். சட்டென்று எடுத்தால் முன்னே குவிந்திருந்த எடை பின்னே துள்ளும், முன்டயர் கடிக்க வேண்டிய நேரத்தில் லேசாகிவிடும். இறக்கம் முழுவதும் இன்ஜின் பிரேக்கிங் அவசியம். 1,300 கிலோ வண்டி மலையிறங்கும்போது தீர வேண்டிய ஆற்றல் 15 மெகாஜூலுக்கு மேல். 50 லிட்டர் தண்ணீரைக் குழாய்ச்சூட்டிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். அத்தனையையும் நான்கு சக்கரப் பிரேக்கின் தலையில் கட்டினால் கடைசி வளைவுகளில் மிதி இறங்க ஆரம்பிக்கும். பிறகு தாமதமாகவும் அழுத்தமாகவும் மிதிப்பீர்கள், அதுவும் வளைவுக்குள்ளே.

ஏற்றத்தில் கதை தலைகீழ். சரிவாலும் முடுக்கத்தாலும் எடை பின்னே போகிறது. முன்சக்கர இயக்க வண்டியில் உள்பக்க முன்டயர்தான் மிகவும் லேசான இயக்கச்சக்கரம். இன்ஜின் விசையை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் சாதாரண டிஃபரென்ஷியல் இரு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும், லேசான டயர் தாங்குகிற அளவுக்கு மட்டும். ஈரச்சாலையில் கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பில் அந்த டயர் சுழன்று நின்றுவிடுவது இதனால்தான். உள்விளிம்பின் சரிவு வெளிவிளிம்பைவிடச் செங்குத்து. எதிரே வண்டி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் உங்கள் தடத்துக்குள்ளேயே முடிந்தவரை அகலமாகத் திரும்புங்கள், நிற்காமல் சீராக ஏறுங்கள். அகலம் போதாத இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற சாலை விதிக்குப் பின்னால் இந்த இயற்பியலும் இருக்கிறது: ஏறும் வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கடினம்.

காப்பி மூட்டையோ சில்வர் ஓக் மரமோ ஏற்றி எஸ்டேட்டுகளிலிருந்து இறங்கும் பிக்கப் வண்டிகளுக்கு இதே கணக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். டயர் அகலம் 140 செ.மீ., மூட்டையை உயரமாக அடுக்கியதால் ஈர்ப்பு மையம் 100 செ.மீ. என்றால், அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் 0.70. அந்த ஜி அளவில் உள்பக்கச் சக்கரங்களில் எடையே இல்லை, வண்டி கவிழும் விளிம்பில் நிற்கிறது. 10 மீட்டர் ஆர வளைவில் அது 30 கி.மீ. வேகம். உடல் சாய்வு, டயர் வளைவு, மூட்டை நகர்வு எல்லாம் சேர்ந்தால் அதற்கும் முன்பே கவிழும். உங்கள் காருக்கு அதே கணக்கு 1.29, ஆகவே கார் கவிழ்வதற்கு முன் வழுக்கும். பிக்கப்பில் பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூட்டிப் போட்டால் வண்டி உட்காராமல் நிமிர்ந்து நிற்கும், ஓட்டுநருக்குத் தெம்பும் வரும். 0.70 என்ற எண் அப்படியே இருக்கும். வண்டி நிமிர்ந்த அளவுக்குக் கொஞ்சம் குறையவும் செய்யும். மூட்டையை இரண்டு அடுக்கு குறைத்து இரண்டு நடையாக இறக்குவதுதான் அந்த எண்ணை மாற்றும் வழி.